முக்காப்புள்ளி அக்காவும் காலிக் கட்டமும்

பயப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் அந்த அக்கா நாட்டிலேயே முதலிடம் வாங்கிவிடுவார். வீட்டைப் பூட்டிவிட்டு இறங்குவார். பாதித் தெரு போனதும் பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கிளம்புவார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கணவருக்கு போன்.

"அடுப்பை அணைச்சிட்டேனான்னு பாத்தீங்களா?"

கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். நூல் சிக்கிக்கொண்ட மெஷின்களோடே காலம் தள்ளுகிறவர் என்பதால் பொறுமைக்குப் பஞ்சமில்லை. "அணைச்சாச்சும்மா. நேத்தும் அணைஞ்சுதான் இருந்துச்சு. நாளைக்கும் அணைஞ்சுதான் இருக்கும். நீ போய் வேலையைப் பாரு" என்பார். கல்லூரியில் படிக்கும் மகளோ, "பேய் வந்தா அம்மாவைப் பாத்துட்டு, நான் எதுக்கு இங்கேன்னு திரும்பிப் போயிடும்" என்று கேலி செய்வாள். அக்காவும் சிரிப்பார். சிரித்துவிட்டு ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிபார்க்கப் போவார்.

இந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. நாலு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குப் பதினெட்டு வருஷ வேலை. ஜன்னல் இல்லாத அறை, மூன்று மேசை, எந்நேரமும் மருந்து அட்டைப்பெட்டி வாசனை. அங்கேதான் அவருக்கு முக்காப்புள்ளி என்ற பட்டப்பெயர் விழுந்தது. நர்ஸுகள் முதல் லிஃப்ட் இயக்குபவர் வரை எல்லாருக்கும் அவர் முக்காப்புள்ளி அக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பட்டம் வந்த கதை இதுதான். ஆஸ்பத்திரியின் தகவல் எல்லாம் டேட்டாபேஸில் கிடக்கிறது. அதனிடம் ஒன்றைக் கேட்பதானாலும், ஒன்றை மாற்றச் சொல்வதானாலும் ஒரு க்வெரி எழுத வேண்டும். எழுதுகிற நேரத்தில் எந்த நோயாளி என்று தெரியாது. பின்னால் யாரோ திரையில் எண்ணைத் தட்டும்போதுதான் தெரியும். அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பது பழைய வழக்கம். ஐந்து காலியிடம் என்றால் ஐந்து கேள்விக்குறி. மதிப்புகள் வரிசையாக வந்து உட்காரும். நடுவில் யாராவது புதிதாக ஒன்றைச் செருகினால் வரிசை தடம் புரண்டு, எழுபது கிலோ ஆளுக்கு எழுபது வயது ஆகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா விரல் வைத்து எண்ணி எண்ணிச் சரிபார்ப்பார்.

ப்ரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று இது சொன்னதை அதற்கும் அது சொன்னதை இதற்கும் மாற்றிச் சொல்கிற ஒரு துணை ப்ரோகிராம் உண்டு, லைப்ரரி என்பார்கள். அதில் காலியிடத்துக்குப் பெயர் வைக்க வழி இருந்தது. மேலும் கீழுமாய் இரண்டு புள்ளி வைக்கிற ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டி ஒரு பெயர்: நோயாளி எண், வார்டு, தேதி என்று. வரிசை எப்படிக் கிடந்தாலும் பெயரைப் பார்த்து மதிப்பு தன் இடத்துக்குப் போய்விடும். அக்கா இரண்டு வருஷம் உட்கார்ந்து ஆயிரத்து நானூறு க்வெரிகளுக்கும் முக்காற்புள்ளி வைத்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பயம் சொன்னது, செய்தார்.

அந்த லைப்ரரிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பெயர் வைத்த இடத்துக்கு மதிப்பு வரவில்லை என்றால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரையில் சிவப்பாக ஒரு வரி காட்டும். பதிவுப் பிரிவு சூப்பிரண்டுக்கு அதுதான் ஆகவில்லை. தேடும் திரையில் பெயர், போன், தெரு, பிறந்த தேதி என்று நாலு கட்டம். வருகிற ஜனத்தில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சூப்பிரண்டு நேரே கம்ப்யூட்டர் அறைக்குள் வந்து, கதவைக்கூடச் சாத்தாமல் கத்தினார்.

"வரிசையில நாப்பது பேர் நிக்கிறாங்க. உங்க மெஷின் எனக்குப் பாடம் எடுக்குது! இன்னொரு தடவை சிவப்பா ஏதாவது வந்துச்சு, நேரா பெரிய டாக்டர்கிட்ட போயிடுவேன்."

 அக்கா அன்று மதியச் சாப்பாட்டைத் தொடாமல் முப்பது வரி எழுதி லைப்ரரியின் நடுவில் உட்கார வைத்தார். இனி மதிப்பு வராத பெயர் இருந்தால் நிறுத்த வேண்டாம். அந்த நிபந்தனையையே க்வெரியிலிருந்து எடுத்துவிடு. தேதி இல்லையா, தேதியைப் பார்க்காமல் தேடு. அவ்வளவுதான். சூப்பிரண்டு போனில் கூப்பிட்டு, "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

தேடுவதற்கு அது சரிதான். ஆனால் அதே வழியாக ஒருவர் தகவலைத் தேடாமல் மாற்றப் போனால் என்ன ஆகும்? எதையும் பத்துத் தடவை கேட்கிற அக்கா அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. திட்டிலிருந்து தப்பித்தோமே என்ற நிம்மதியில் மூளை தூங்கிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவரே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து ஐம்பத்தாறுக்கு மூன்றாவது மாடியிலிருந்து போன் வந்தது. பேசிய நர்ஸ் நிதானமாகத்தான் பேசினாள்.

"அக்கா, சின்ன சந்தேகம். எங்க மாடியில எல்லாருக்குமே அலர்ஜி இல்லைன்னு வருது. ரெண்டாம் படுக்கை அம்மாவுக்கு முட்டையே ஆகாது, நான்தான் போன வாரம் பதிஞ்சேன். இப்ப இல்லைன்னு நிக்குது."

"உங்க மாடியில மட்டுமா?"

"தெரியலயேக்கா."

அக்கா டேட்டாபேஸைத் திறந்து, அலர்ஜி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். பூஜ்யம் என்றது. நேற்று அந்த எண்ணிக்கை அறுபத்து மூன்று. படுக்கையில் கிடந்த இருநூற்று எண்பத்தேழு பேருக்கும் ஒரே நொடியில், பத்து நாற்பத்தைந்துக்கு, அலர்ஜி இல்லை என்று எழுதப்பட்டிருந்தது.

 காரணம் தேட வேண்டியிருக்கவில்லை, பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. போன வாரம்தான் அலர்ஜியைத் திருத்த ஒரு புதுத் திரை வார்டுகளுக்குப் போனது. எழுதியவர் பக்கத்து மேசைக்காரர், எல்லாரும் ஒல்லி என்று கூப்பிடுகிறவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்த நோயாளி எண் உள்ளவருக்கு அலர்ஜியை இப்படி மாற்று என்று அழகாகப் பெயர் வைத்து எழுதியிருந்தார். அக்காவும் பார்த்து, முக்காற்புள்ளிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன என்று தலையாட்டியிருந்தார். இன்று அவசரப் பிரிவில் எண் இன்னும் போடாத ஒரு நோயாளிக்கு யாரோ அந்தத் திரையைத் திறந்து, இல்லை என்று அழுத்தியிருக்கிறார்கள். எண்ணின் கட்டம் காலி. சிவப்பு வரி வந்திருக்க வேண்டிய இடம் அது. அக்காவின் முப்பது வரி, இந்த எண் உள்ளவருக்கு மட்டும் என்ற நிபந்தனையை எடுத்து அப்பால் போட்டுவிட்டு, எல்லாருக்கும் எழுதிவிட்டது.

 ஒல்லி கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார்.

"அக்கா, காலைல ஆறு மணிக்கு எடுத்த நகல் இருக்கு. இருபது நிமிஷத்துல திருப்பிப் போட்டுடுறேன். யாருக்கும் தெரியாது. எதுக்கு ஊரைக் கூட்டணும்?"

சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பத்தெட்டு காட்டியது. பதினோரு மணிக்கு ஊசிச் சுற்று. முன்பெல்லாம் மருந்து ஒத்துக்கொள்ளாதவர் கையில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். திரை வந்த பிறகு பட்டை வாங்குவதையே விட்டுவிட்டார்கள். திரை சொன்னால் போதும் என்று நாலு மாடியிலும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை வாங்கிக் கொடுத்தவரே அக்காதான்.

"இருபது நிமிஷத்துல எத்தனை ஊசி போடுவாங்க?" என்று அக்கா கேட்டார்.

ஒல்லி போய்ச் சாத்திய கதவைத் திறந்துவிட்டார்.

அக்காவுக்குப் போனை எடுக்க மனம் வரவில்லை. நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அம்மாவின் குரல் என்றாலே அவருக்கு எப்போதும் பயம். அதோடு வேலை போகும், விசாரணை வரும், மகளின் படிப்பு, பதினெட்டு வருஷம், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு பயம் இருந்தது. ஒரு நர்ஸ் ஊசியை நிமிர்த்திக் காற்றைத் தள்ளிவிட்டு, திரையைப் பார்த்து, இல்லை என்று வாசிக்கிறாள். அந்தக் காட்சி போகவே மாட்டேன் என்றது. அக்கா எண்ணைச் சுழற்றினார். முதல் தடவை தப்பான எண்.

"மேடம், கம்ப்யூட்டர்லருந்து பேசுறேன். ஊசி, மாத்திரை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க."

"யாரு, முக்காப்புள்ளியா? என்ன உளர்றீங்க?"

"திரையில அலர்ஜி இல்லைன்னு வர்றதை யாரும் நம்பக் கூடாது. எல்லாருக்கும் அழிஞ்சிருக்கு. பத்து நாப்பத்தஞ்சுலேருந்து. நான் எழுதுனதாலதான் ஆச்சு."

 மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அரை நிமிஷத்தில் கூரையில் இருந்த ஒலிபெருக்கி இருமிக்கொண்டு, எல்லா வார்டிலும் மருந்து கொடுப்பதை உடனே நிறுத்தவும் என்று மூன்று தடவை சொன்னது.

"நகலை நீங்க திருப்பிப் போடுங்க. ஆனா என்னோட முப்பது வரி வழியா போகாதீங்க, நேரா போடுங்க" என்று ஒல்லியிடம் சொல்லிவிட்டு அக்கா இன்னொரு க்வெரி எழுத உட்கார்ந்தார். பத்து நாற்பத்தைந்திலிருந்து இந்த நிமிஷம் வரை மருந்து வாங்கியவர்கள் யார்? அவர்களில் காலை நகலின்படி அந்த மருந்து ஆகாதவர்கள் யார்? தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு பெயர் வைத்தார். வைத்ததும் விரல் நின்றுவிட்டது. தன் கையால் செய்த பொருளைத் தொடவே கூசியது. பெயர்களை அழித்துவிட்டு நேரத்தை எண்ணாகவே தட்டினார். தட்டியதை மூன்று தடவை படித்தார். நாலாவது தடவை படிக்க நேரமில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுத்தினார்.

மருந்து வாங்கியவர்கள் இருபத்து மூன்று பேர். ஆகாத மருந்து வாங்கியவர் ஒருவர். நாலாவது மாடி, நாற்பத்தொன்றாம் படுக்கை, பென்சிலின் ஊசி, பத்து ஐம்பத்தொன்பது.

நாலாவது மாடி போன் பிஸி. மறுபடி பிஸி. மேட்ரன் ஒவ்வொரு மாடியாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. அக்கா ஓடினார். லிஃப்ட் நடுவில் நின்றுவிடும் என்று பயந்து பதினெட்டு வருஷமும் படியிலேயே ஏறியவர் என்பதால் கால்களுக்குப் படி பழக்கம்.  கைப்பிடியைப் பிடித்து இரண்டிரண்டு படியாக ஏறினார். ஏறும்போது வாய் தன்பாட்டுக்கு நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

நாற்பத்தொன்றில் இருந்தவர் கண்ணாடி வெட்டும் தொழிலாளி. ஐம்பது வயது, இடது கையில் ஆழமான வெட்டு, சீழ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். எழுந்து உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், இங்க ஏதோ கொசு இருக்குது போல. ஒரே அரிப்பு" என்றார். உதடு ஒரு பக்கம் தடித்திருந்தது.

"அவருக்கு பென்சிலின் ஆகாது!" என்று அக்கா கத்தினார். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவருக்கே அன்றுதான் தெரியும்.

நர்ஸ் ஒரு கணம் திரையைப் பார்த்தாள், ஒரு கணம் அக்காவைப் பார்த்தாள், பிறகு ஓடினாள். டாக்டர் வந்தார். தொடையில் ஒரு ஊசி, மூக்கில் ஆக்சிஜன், கட்டிலின் கால்மாட்டைத் தூக்கிவிட்டார்கள். அந்த மனுஷனின் கழுத்திலிருந்து தடிப்புகள் கன்னத்துக்கு ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மூச்சு இழுத்தது, விசில் மாதிரி. அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடி வெட்டுபவர் நல்ல கையை நீட்டித் துழாவினார். பக்கத்தில் அகப்பட்ட கை அக்காவுடையது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி வலித்தது. இந்தப் பிடி தளர்ந்துவிடக் கூடாது, வேறெதுவும் வேண்டாம் என்று அக்கா யாரிடம் என்று இல்லாமல் கெஞ்சினார்.

ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்குப் பிறகு விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. டாக்டர் ஸ்டெத்தைக் காதிலிருந்து எடுத்து, "தாண்டிட்டாரு. ஆனா நாளைக்குக் காலை வரைக்கும் பக்கத்துல ஆள் வேணும்" என்றார். கண்ணாடி வெட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடியை விடவில்லை.

அப்போதுதான் அவர் மனைவி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்க், கீழே வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாளாம். ஆக்சிஜனைப் பார்த்ததும் பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். நர்ஸ் அவளைத் தேற்றி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மருந்து ஒத்துக்கலை, இந்த அக்காதான் ஓடி வந்து சொன்னாங்க, நல்ல நேரத்துல வந்தாங்க. மீதியைச் சொல்லவில்லை. நர்ஸுக்கே மீதி தெரியாது.

அந்தப் பெண் அக்காவின் இன்னொரு கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்மா. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும். நீங்க மட்டும் வரலன்னா..."

இப்படியே விட்டுவிடலாம். யாரும் கேட்கவில்லை. ஒரு தலையாட்டல், ஒரு புன்னகை, கீழே இறங்கிப் போய்விடலாம். அக்காவுக்கு அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை.

"என்னைக் கும்பிடாதீங்கம்மா" என்றார். "அவருக்கு அந்த மருந்து ஆகாதுன்னு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. நான் எழுதுன ஒண்ணால அது அழிஞ்சு போச்சு. அதனாலதான் ஊசி போட்டாங்க."

"புரியலயே."

"யாருக்குன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல நம்பர் போடணும். போடலன்னா நிறுத்தணும். நான் நிறுத்த வேணாம்னு எழுதி வெச்சிருந்தேன். இன்னிக்கு அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு. அது எல்லாருக்கும் சேத்து எழுதிடுச்சு."

அந்தப் பெண் மெதுவாகத் தன் கைகளை எடுத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குப் பழகிய வழி, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். அவள் உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

"இவரு அளவு சொல்லாம வந்தா ஒரு சின்னக் கண்ணாடி கூட வெட்ட மாட்டாரும்மா. எவ்வளவு சண்டை போட்டாலும் வெட்ட மாட்டாரு, போய் அளந்துட்டு வான்னுடுவாரு. நீங்க எப்படிம்மா..."

அதற்கு மேல் சொல்லாமல், கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அக்காவின் கையை விடுவித்தாள். அவர் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா நின்ற இடத்தை அவள் மறுபடி பார்க்கவில்லை.

கீழே வந்தபோது ஒல்லி நகலைத் திருப்பிப் போட்டு முடித்திருந்தார். அறுபத்து மூன்று பேரும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். மேட்ரன் இரண்டு தடவை கூப்பிட்டாராம், பெரிய டாக்டர் மூன்று மணிக்கு வரச் சொன்னாராம். அக்கா தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தன் முப்பது வரியைத் திறந்தார். ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் அழித்தார்.

"அக்கா, தேடுற திரையெல்லாம் நின்னுடும். நூத்தம்பது எடத்துல கத்தும்" என்றார் ஒல்லி.

"தேடுற திரைக்கு ஒவ்வொண்ணா எழுதித் தர்றேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி. இனிமே மதிப்பு வரலன்னா எதுவா இருந்தாலும் நிக்கட்டும்."

"நிக்கும்போது என்ன காட்டணும்? அந்தப் பழைய சிவப்பு வரி யாருக்கும் புரியாது."

 அக்கா ஒரே ஒரு வார்த்தை தட்டினார். அலர்ஜித் திரையைத் திறந்து, எண் கட்டத்தைக் காலியாக விட்டு, இல்லை என்பதை அழுத்தினார். 

திரை எதையும் எழுதவில்லை. நடுவில், சிவப்பில், யாருக்கு என்று கேட்டு நின்றது.

"நாப்பத்தொண்ணு" என்றார் அக்கா வாய்விட்டு. சொல்லிவிட்டு, ஒல்லி பக்கத்தில் இருப்பதைக்கூட மறந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.